காட்சியும் சந்தையும்: அமெரிக்கத் துப்பாக்கிக் கண்காட்சிகள் குறித்துச் சில குறிப்புகள்

'கன் ஷோ' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'துப்பாக்கிக் கண்காட்சி' என்றால் பாதிப் பொய். 'துப்பாக்கிச் சந்தை' என்றால் மீதிப் பாதி பொய்யாகிவிடும். கண்காட்சி என்றதும் நமக்குக் கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதீர்கள்' என்ற அட்டையும் ஞாபகத்துக்கு வருகின்றன. சந்தை என்றால் பேரம், கூச்சல், கைமாறும் பணம். அமெரிக்காவில் வார இறுதிகளில் மாவட்டப் பொருட்காட்சித் திடல்களிலும் பழைய கால்நடைக் கொட்டகைகளிலும் மாநாட்டு அரங்குகளிலும் நடக்கிற இந்தக் கூடுகை இரண்டுமாக இருக்கிறது. அப்படி இருப்பதில்தான் அதன் பலமே. யாராவது வியாபாரக் கணக்குக் கேட்டால் 'நாங்கள் சும்மா சேகரிக்கிறவர்கள்' என்று சொல்லலாம். காட்சிக்கு மட்டும் அனுமதி என்று அரசாங்கம் சொன்னால், 'விற்காமல் எப்படிப் பிழைப்பது' என்று கேட்கலாம். சுமார் எழுபது வருஷங்களில் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே அது எப்படி நகர்ந்து வந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை விசாவில் சில வருஷம் அந்த நாட்டில் இருந்தவன் நான். 1998இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்தின்படி தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அது வேற விஷயம். ஆனால் நுழைவுச் சீட்டு வாங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே வாங்க முடியாத பண்டங்களின் நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஒரு பார்வையாளனாகத்தான் நான் இருந்தேன். ஒருவகையில், அந்தக் கூடத்தில் 'கண்காட்சி' என்ற சொல்லுக்கு முழு நியாயம் செய்தவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் நடக்கும் கண்காட்சி இவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1955இல் தொடங்கியது. இன்று வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரே கூரையின் கீழ் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மேசைகளோடு நடக்கிறது. அதைத் தொடங்கிய சங்கத்தின் பெயர் 'இந்தியப் பிரதேசத் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கம்'. 'இந்தியப் பிரதேசம்' என்பது, பூர்வகுடிகளை அவர்களுடைய நிலங்களிலிருந்து விரட்டி, கொண்டுபோய்க் குடிவைத்த பகுதிக்கு அரசாங்கம் வைத்த பெயர். பிற்பாடு அந்த நிலமும் பறிபோனது. எந்த ஆயுதம் அந்த நிலத்தை வாங்கிக் கொடுத்ததோ அந்த ஆயுதத்தைச் சேகரிக்கிறவர்கள், பறிகொடுத்தவர்களின் பெயரையே பலகையில் எழுதி வைத்துக்கொண்டார்கள். இதில் உள்நோக்கம் ஏதும் இருந்திருக்காது. உள்நோக்கம் இல்லாமலே இது நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்த ஆரம்பகாலக் கூடங்களில் முதலிடம் பழம்பொருளுக்கு. கோல்ட் ரிவால்வர், வின்செஸ்டர் ரைஃபிள், இரண்டாம் உலகப் போரிலிருந்து சிப்பாய்கள் கொண்டுவந்த ஜெர்மன் லூகர். ஒரு பொருளை அதன் பயன்பாடு என்ற அடிமை வேலையிலிருந்து விடுவிக்கிறவன் சேகரிப்பாளன் என்கிற அர்த்தத்தில் வால்டர் பெஞ்சமின் எழுதியிருக்கிறார். புத்தகம் என்றால், படிக்காமலே அலமாரியில் வைக்கலாம். துப்பாக்கி என்றால், சுடாமலே துணியில் பொதிந்து வைக்கலாம். இந்த 'விடுதலை'யைச் சட்டமும் ஒத்துக்கொண்டது. கூட்டாட்சிச் சட்டத்தின்படி 1898க்குள் செய்யப்பட்ட துப்பாக்கி துப்பாக்கியே இல்லை, புராதனப் பொருள். ஐம்பது வருஷம் கடந்தவை 'அரும்பொருள்', அவற்றைச் சேகரிக்கத் தனி உரிமம். இதில் ஒரு வேடிக்கை. 1968இல் இந்த உரிமம் வந்தபோது முதல் உலகப் போர்க் காலத்து ஆயுதங்கள்தான் அரும்பொருள். இப்போது 1970களில் செய்யப்பட்டவையும் அரும்பொருள் ஆகிவிட்டன. காலம் போகப்போக எல்லாத் துப்பாக்கியும் அருங்காட்சியகத்தை நோக்கி நடக்கிறது, சுடும் திறனில் ஒரு குறையும் இல்லாமல்.

1960கள் வரை, துப்பாக்கி வாங்க யாரும் கண்காட்சிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. தபாலில் வந்தது. ஓஸ்வால்ட் 1963இல் ஜான் கென்னடியைச் சுட்ட இத்தாலியக் கார்கானோ ரைஃபிள், பத்திரிகை விளம்பரம் பார்த்து, பொய்ப் பெயரில், சிகாகோ கடையிலிருந்து தபாலில் தருவித்தது. தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர், தபால் செலவு தனி. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகுதான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து அந்தத் தபால் வழியை அடைத்தது. உரிமம் பெற்ற வியாபாரி தன் கடை முகவரியில் மட்டுமே விற்கலாம் என்றும் சொன்னது. அதாவது சட்டத்தின் கண்ணில் கடை வேறு, கண்காட்சி வேறு.

இந்தக் கோடு 1980களில் அழிந்தது. 1984இல் ஒரு விதி, 1986இல் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம். இவற்றால், உரிமம் பெற்ற வியாபாரி தன் மாநிலத்துக்குள் நடக்கும் கண்காட்சிகளில் மேசை போட்டு விற்கலாம் என்றாயிற்று. அதே சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. யார் 'வியாபாரி' என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தது. பிழைப்பும் லாபமுமே பிரதான நோக்கமாகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்பவன் வியாபாரி. எப்போதாவது விற்கிறவன், பொழுதுபோக்குக்காகச் சேகரிப்பவன், தன் சொந்தச் சேகரத்தை விற்றுத் தீர்ப்பவன் வியாபாரி இல்லை. படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்து அவனுடைய 'பிரதான நோக்கம்' என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டம் செயலை விட்டுவிட்டு மனசை அளக்கப் போனது. மனசுக்கு ரசீது கிடையாது.

இதன் விளைவை நேரில் பார்த்தால்தான் விளங்கும். ஒரு மேசையில் உரிமக்காரர். 1993இன் பிரேடி சட்டமும் 1998 நவம்பரில் தொடங்கிய உடனடிப் பின்னணிச் சோதனையும் அவருக்குப் பொருந்தும். படிவம் நிரப்ப வேண்டும், மத்தியப் புலனாய்வுத் துறையைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். அடுத்த மேசையில் 'தனியார் விற்பனை' என்று கையால் எழுதிய அட்டை. கூட்டாட்சிச் சட்டப்படி அங்கே படிவமும் இல்லை, கேள்வியும் இல்லை. மாநிலச் சட்டம் வேறு சொல்லாதவரை, வாங்குபவன் வேற்று மாநிலத்தான் என்றோ தகுதியற்றவன் என்றோ விற்பவனுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். தெரியாமல் இருப்பது ஒரு சட்டத் தகுதி ஆகிறது. இரண்டு மேசைக்கும் விரிப்பு ஒன்றுதான், வாடகை ஒன்றுதான், வேர்க்கடலை தின்றுகொண்டே விலை சொல்லும் தோரணையும் ஒன்றுதான்.

இதைத்தான் 'கண்காட்சி ஓட்டை' என்றார்கள். இந்தப் பெயரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. ஓட்டை கண்காட்சியில் இல்லை, வியாபாரி யார் என்ற வரையறையில் இருக்கிறது. அதே தனியார் விற்பனை வீட்டுக் கொல்லையிலும் கார் நிறுத்துமிடத்திலும் நடக்கலாம். கண்காட்சி செய்தது, சிதறிக் கிடந்த அந்த விற்பனையை ஒரு கூரையின் கீழ் கூட்டியதுதான். 1998இல் மட்டும் நாடு முழுக்க விளம்பரம் செய்து நடத்தப்பட்டவை 4,442 என்று மதுபான-புகையிலை-துப்பாக்கித் துறையின் 1999 ஜனவரி அறிக்கை கணக்கிட்டது.

அந்த அறிக்கை வந்து மூன்று மாதத்தில் கொலம்பைன். 1999 ஏப்ரல் 20, கொலராடோ. இரண்டு மாணவர்கள், அன்று 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் கையில் இருந்த நான்கு துப்பாக்கிகளில் மூன்றை, வயது நிரம்பிய ஒரு தோழி டென்வர் பகுதிக் கண்காட்சியில் தனியார் விற்பனையாளர்களிடம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பின்னணிச் சோதனை இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று பிறகு சாட்சி சொன்னாள். மே மாதம் செனட்டில் ஓட்டு சமமாகப் பிளந்தபோது துணை ஜனாதிபதி அல் கோர் தன் ஓட்டைப் போட்டு 51-50 என்று ஒரு திருத்தத்தை நிறைவேற்றினார். கீழவையில் அது செத்துப்போனது. கொலராடோ மக்களும் ஓரெகன் மக்களும் 2000 நவம்பரில் தாங்களே ஓட்டுப் போட்டு, தத்தம் மாநிலத்தில் கண்காட்சி விற்பனைக்குச் சோதனையைக் கட்டாயமாக்கிக்கொண்டார்கள். சாண்டி ஹூக் பள்ளிக் கொலைகளுக்குப் பின் 2013இல் செனட்டில் மறுபடி ஒரு முயற்சி. 54 ஓட்டு கிடைத்தது, 60 வேண்டியிருந்தது.

கண்காட்சிக்காரர்கள் தூக்கிக் காட்டும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. துப்பாக்கியோடு பிடிபட்டுச் சிறையில் இருப்பவர்களைக் கேட்டால், கண்காட்சியில் வாங்கியதாகச் சொல்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உண்மைதான். எதிர்த்தரப்பு காட்டுவது 2000இல் வந்த அறிக்கை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கடத்தல் விசாரணைகளில் ஏறத்தாழ 26,000 துப்பாக்கிகள் கண்காட்சிகளோடும் பழம்பொருள் சந்தைகளோடும் தொடர்புடையவை. அதுவும் உண்மைதான். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நமக்கு இதில் குழப்பமே வர வேண்டியதில்லை, 'பினாமி' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கடைசியில் சுடுகிறவன் கூடத்துக்கு வருவதில்லை. அவனுக்கு விற்கிறவனுக்கு விற்கிறவன் வருகிறான்.

1990களில் கூடத்தின் சரக்கு மட்டுமல்ல, பேச்சும் மாறியது. சீன எஸ்கேஎஸ் ரைஃபிள்கள் மலிவாக வந்து குவிந்தன. 1994இல் கிளின்டன் அரசு சீன இறக்குமதியை நிறுத்தியது. அதே வருஷம் தாக்குதல் ஆயுதத் தடை வந்தது, 2004இல் காலாவதியானது. உரிம விதிகள் இறுகி, கட்டணம் மூன்று வருஷத்துக்கு 30 டாலரிலிருந்து 200 டாலர் ஆனதும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்த உரிமங்கள் பத்தாண்டு முடிவில் ஒரு லட்சம் அளவுக்குச் சரிந்தன. உரிமத்தை விட்டவர்கள் எல்லாரும் மேசையையும் விட்டார்களா? சட்டம் அவர்களைத் 'தனியார்' ஆக்கியது, அவ்வளவுதான். 1993இன் வேக்கோ முற்றுகைக்குப் பின் அரசாங்கமே எதிரி என்ற சொல்லாடலும் மேசைக்கு வந்தது. 1995இல் ஒக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்ற மெக்வே, அதற்கு முன் கண்காட்சி கண்காட்சியாக அலைந்து, 'டர்னர் டைரீஸ்' என்ற இனவெறி நாவலை விற்றவன். பழம்பொருள் விற்ற இடத்தில் பயம் விற்பனைக்கு வந்தது. பயத்துக்கு ஒரு வசதி, அது பழசாகி அரும்பொருள் ஆவதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுசாக வரும்.

பிறகு இணையம். 1999இல் ஈபே துப்பாக்கியை விலக்க, அதே வருஷம் அதற்கென்றே தனி ஏலத் தளம் வந்தது. 2007இல் தனியார் விளம்பரத் தளம். எந்தத் துப்பாக்கிக்கு என்ன விலை என்று எல்லோர் கையிலும் தெரிந்துவிட்டதால், கிழவர் அறியாமல் குறைத்துச் சொல்லும் விலையைக் கண்டுபிடிக்கிற சுகம் போயிற்று. நான் பார்த்த கூடங்களில் பாதி மேசை துப்பாக்கியே இல்லை. உப்புக்கண்டம், மின்அதிர்ச்சிக் கருவி, டி-சட்டை, மெழுகுவர்த்தி, நாஜிப் பதக்கம். மூலையில் தனியாக ஒரு வயசானவர், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பூட்டு ஒன்றைக் கழற்றிவைத்து, கேட்பவர்க்கெல்லாம் அரைமணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். விற்க அவருக்கு மனசே இல்லை. கேட்டவன் நான் மட்டும்தான்.

வாசலில் ஒரு காட்சி எல்லா ஊரிலும் உண்டு. துப்பாக்கியோடு வருகிறவரை நிறுத்தி, குண்டு இருக்கிறதா என்று பார்த்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுகிறார்கள். குண்டேற்றிய துப்பாக்கி உள்ளே கூடாது. ஆயுதம் ஏந்தியவர்கள் கூடினால் அமைதி நிலவும் என்று உள்ளே புத்தகம் விற்கிறார்கள், வாசலில் அதை நம்பத் தயாராக இல்லை.

2022இல் 'பிழைப்பு' என்ற சொல் வரையறையிலிருந்து நீக்கப்பட்டு 'பிரதானமாக லாபம் ஈட்ட' என்றானது. அதை விரித்து 2024இல் வந்த விதியை டெக்ஸாஸ் நீதிமன்றம் ஒன்று சில மாநிலங்களுக்கு நிறுத்திவைத்தது. 2025இல் புதிய நிர்வாகம் மறுபரிசீலனைக்கு ஆணையிட்டது. வரையறைச் சண்டை ஓயவில்லை.

எனக்கு அதைவிடச் சுவாரசியமானவை கலிஃபோர்னிய வழக்குகள். அலமேடா மாவட்டம் 1999இல் தன் பொதுத் திடலில் துப்பாக்கி கூடாதென்றது. துப்பாக்கியைக் காட்டுவதே ஒரு பேச்சு, ஆகவே பேச்சுரிமை என்று அமைப்பாளர்கள் வாதாடினார்கள். பண்டம் தன்னைக் 'குறி'யாக அறிவித்துக்கொண்ட தருணம் இது. நம் அமைப்பியல்வாதிகள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்து, மேசையோடு கம்பிவடத்தால் கட்டிவைத்தால் காட்டலாம் என்று மாவட்டம் இறங்கிவர, 2012இல் அந்த வழக்கு முடிந்தது. அப்புறம் மாநிலமே இறங்கியது. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கௌ பேலஸ் அரங்கம், டெல் மார் திடல், 2023 முதல் எல்லா மாநில அரசு நிலங்களும்: அங்கே துப்பாக்கி விற்க ஒப்பந்தம் செய்யக் கூடாது. மறுபடியும் பேச்சுரிமை வழக்கு. விற்பனையை ஒத்துக்கொள்வது பேச்சு ஆகாது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லிவிட்டது. காட்டலாம், பேசலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். பெயருக்கு ஏற்ற கண்காட்சி நடத்த இன்றும் அங்கே தடையில்லை. விற்பனை இல்லாவிட்டால் அரங்க வாடகைகூடக் கட்டாது என்பது அமைப்பாளர்கள் தரப்பு.