நேற்றே அனுப்பிவிட்டேன்... இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயிலில் பலர் சறுக்குவது, தமிழில் சரியாக இருப்பதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோகும்போதுதான். அனுப்பும் முன் இந்த மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

எப்போது நடந்தது?
'நேற்றே அனுப்பிவிட்டேன்' என்பது நல்ல தமிழ். ஆனால், 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' தவறு. நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹேவ்' வராது. 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' போதும். நேரத்தைச் சொல்லாதபோது 'ஐ ஹேவ் சென்ட் இட்' சரி.

இன்னும் வேலையில் இருக்கிறீர்களா?
'ஐ வொர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால், அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே படிப்பவர் நினைப்பார். '2019 முதல் வேலை பார்க்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் வொர்க்கிங்' பொருந்தாது. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 2019' என்று எழுத வேண்டும்.

படித்தது யார்?
'காலேஜ் முடித்ததும் அப்பா கடையில் சேர்த்துக்கொண்டார்' என்றால் தமிழில் குழப்பமில்லை. அதையே 'ஆஃப்டர் ஃபினிஷிங் காலேஜ், மை ஃபாதர்...' என்று தொடங்கினால், காலேஜ் முடித்தவர் அப்பா ஆகிவிடுவார்! 'இங்' சொற்றொடரில் தொடங்கினால், கமாவை அடுத்து வருபவரே அந்த வேலையைச் செய்தவர். 'ஆஃப்டர் ஐ ஃபினிஷ்டு காலேஜ்' என்று எழுதிவிட்டால் பட்டம் உங்களுக்கே திரும்பிவிடும்.

இவை அறியாமையால் வரும் பிழைகள் அல்ல. தாய்மொழிப் பழக்கத்தால் வருபவை. வெட்கப்பட வேண்டாம். ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள்.