ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல்

தில்லி புசா ரோட்டில், கரோல்பாக்கை ஒட்டி இருக்கிறது பி.எல்.கே.-மேக்ஸ் மருத்துவமனை. ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் இடம் அது. இப்படிப்பட்ட சிகிச்சை எங்கே நடந்தாலும், பாக்டீரியாவைப் போலவே டாக்டர்கள் அஞ்சும் இன்னொரு கிருமி உண்டு: கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை.

நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் கேண்டிடா தொல்லை தராமல் வாழ்கிறது. வெள்ளணுக்களும், உடன் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்து, குடல் சுவரும் புண்ணாகிறது. நாள்கணக்கில் ஏற்றும் ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. மருந்து ஏற்றக் கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன், ரத்தத்துக்குள் போக நேர்வழியாகிவிடுகிறது. உள்ளே நுழைந்த பூஞ்சை கண், இதயம், சிறுநீரகம் வரை பரவலாம்.

இந்தக் குடும்பத்தில் மிகவும் முரடானது கேண்டிடா ஆரிஸ். 2009இல் ஜப்பானில் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2009 முதல் 2011 வரை தில்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் இதைக் கண்டதாக, வல்லபாய் படேல் நெஞ்சக நோய் நிலையத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் 2013இல் எழுதினார்கள். வழக்கமான மருந்தான ஃப்ளூகோனசோல் அதனிடம் பலிக்கவில்லை. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை தில்லி ஐ.சி.யூ. ஒன்றில் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா ஏறியது. அவர்களில் 10 பேருக்கு வந்தது ஆரிஸ்; அந்தப் பத்துப் பேரில் 6 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

ஆரிஸ் தோலிலும் கட்டில் கம்பியிலும் பல நாள் தங்கி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது சாகாது. தரையையும் கட்டிலையும் குளோரின் கலந்து துடைக்க வேண்டும். பழைய ஆய்வகக் கருவிகள் அதை வேறு பூஞ்சை என்று தவறாகச் சொல்வதும் உண்டு.

ரத்தத்தில் ஏறிய கேண்டிடாவுக்கென்று தனி அடையாளம் கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். பிளட் கல்ச்சரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை தெரியவரும். அதனால், ஆபத்து அதிகமுள்ள நோயாளிக்கு முடிவு வரும்வரை காத்திராமலே டாக்டர்கள் மருந்தைத் தொடங்குவார்கள். பெரும்பாலும் மைகாஃபங்கின், காஸ்போஃபங்கின் போன்றவை டிரிப்பில் ஏறும். முடிந்தால் லைனை எடுத்துவிடுவார்கள், கண்ணையும் பரிசோதிப்பார்கள். ரத்தம் சுத்தமானது தெரிந்த பிறகும் இரண்டு வாரமாவது மருந்து தொடரும்.

நோயாளியுடன் இருப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். காய்ச்சலுக்குப் பூஞ்சை காரணமா என்று பார்த்தாகிவிட்டதா? இந்த லைன் இன்னும் தேவையா? ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம்? ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ரத்தத்தில் இந்தப் பூஞ்சை ஏறுவது அபூர்வம். ஆனால் அவர்கள் கை வழியாக அது அடுத்த கட்டிலுக்குப் போகலாம். எனவே வார்டுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.