நார்கோ டெஸ்ட்: மருந்து ஏற்றினால் நினைவு அப்படியே வெளியே வந்துடுமா?

டெல்லி மெஹ்ரோலி கொலை வழக்கில் கைதானவருக்கு 2022 டிசம்பர் 1-ம் தேதி, ரோகிணி அரசு மருத்துவமனையில் நார்கோ டெஸ்ட் நடந்தது. ‘இனி உண்மை தானா வந்துடும்’ என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், நம் நினைவு அப்படி வேலை செய்வதில்லை.

பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் மூளையில் ஒரே ஃபைலாக சேவ் ஆகாது. வெவ்வேறு பகுதிகளில் துண்டு துண்டாகப் பதியும். அவற்றைக் கோத்து வைப்பது ஹிப்போகாம்பஸ். நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை அவற்றைப் புதிதாகச் சேர்க்கிறது. இடைவெளி இருந்தால் ஊகத்தால் நிரப்பிவிடும். கேட்கப்படும் கேள்விகூட உள்ளே நுழைந்துவிடும்.

1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ‘இடித்தபோது என்ன வேகம்?’ என்று 50 பேரிடமும், ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்ற கேள்விக்கு முதல் குழுவில் 7 பேர், இரண்டாவது குழுவில் 16 பேர் ‘ஆமாம்’ என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

முழு விழிப்பிலேயே இந்தக் கதின்னா, சோடியம் பென்டோதால் ஏறிய அரைமயக்கத்தில்? அந்த மருந்து தயக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். கேள்விக்குள்ளேயே பதில் இருந்தால் அதையே தன் நினைவாகச் சொல்லக்கூடும். பொய்யும் சொல்லலாம்.

அதனால்தான் ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ வழக்கில் (2010 மே 5) உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் இந்த டெஸ்ட் கூடாது என்றது. சம்மதித்தாலும் மயக்கத்தில் சொன்னது சாட்சியம் ஆகாது. அதை வைத்து ஆயுதமோ வேறு பொருளோ கிடைத்தால், அதை கோர்ட் ஏற்கலாம்.