பெருங்குடல் சோதனையும் ஓட்டப் பயிற்சியும்

கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றில் நடப்போர் ஒரு புறம், ஓடுவோர் ஒரு புறம். கல்லூரி மாணவர்களும் இருப்பார்கள். ஐம்பதைக் கடந்த ஆலை அதிகாரிகளும், வியாபாரிகளும் இருப்பார்கள். இவர்களில் பலருடைய குறி ஆண்டுதோறும் நடைபெறும் கோயம்புத்தூர் மாரத்தான் ஆகும். கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் பணிக்காக 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஓட்டம் இது. புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஓடுகின்ற ஒருவர், தமக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த பெருங்குடல் சோதனையை மட்டும், "பந்தயம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவதுண்டு. பந்தயம் முடிந்தால் அடுத்த பந்தயம் வந்துவிடும். சோதனைச் சீட்டு அலமாரியிலேயே இருக்கும்.

கொலோனோஸ்கோப்பி எனப்படும் இந்தச் சோதனைக்கும் பயிற்சிக்கும் உண்மையில் எவ்வளவு மோதல் இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று அல்லது நான்கு நாட்களே. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், ஓடுகிறவருக்கு இந்தச் சோதனை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். உடற்பயிற்சி பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் குறைப்பது வேறு, இல்லாமற் செய்வது வேறு. பெரும்பாலான பெருங்குடல் புற்றுகள் 'பாலிப்' என்னும் சிறு சதை முளையாகத் தொடங்கிப் பத்தாண்டு அளவில் மெல்ல மாறுபவை. முளையாக இருக்கும்போதே கண்டு அகற்றிவிட்டால் அந்த முளை புற்றாக மாற வழியில்லை. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதான எல்லோருக்கும் பெருங்குடல் புற்றுக்கான சோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். நம் நாட்டில் இந்நோய் அங்குள்ள அளவுக்கு இல்லை. ஆகையால் எல்லோருக்கும் என்ற விதி இங்கே இல்லை. தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோருக்கு இந்நோய் வந்திருந்தாலும், மலத்தில் இரத்தம், காரணமற்ற இரத்தச் சோகை போன்ற அறிகுறிகள் இருந்தாலும் மருத்துவர் சோதனைக்கு எழுதுவார்.

ஓட்டக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். கடுமையாக ஓடும்போது உடல் தன் இரத்தத்தைக் கால் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் பெரிதும் குறைகிறது. இதனால் நெடுந்தூரம் ஓடிய பின் சிலருக்கு வயிற்றோட்டமும், சில வேளைகளில் இரத்தக் கசிவும் ஏற்படுவதுண்டு. எனவே இரத்தத்தைக் கண்டால் "ஓடியதால் வந்தது" என்று ஒருவர் சொல்வார். "உடம்புச் சூடு" என்று வீட்டில் சொல்வார்கள். "மூலமாக இருக்கும்" என்று நண்பர் சொல்வார். மூன்றும் சரியாக இருக்கலாம். உள்ளே பார்க்காமல் அதை எப்படி முடிவு செய்வது? 2025-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. 35 முதல் 50 வயதுக்கு உட்பட்ட, பல மாரத்தான்கள் அல்லது அதனினும் நீண்ட ஓட்டங்களை முடித்த 100 பேருக்குக் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். 15 பேரிடம் முற்றிய நிலைப் பாலிப்புகள் இருந்தன. அந்த வயதினரிடம் எதிர்பார்க்கப்பட்டது நூற்றுக்கு 5 அல்லது 6 பேர் அளவே. நூறு பேரை மட்டும் கொண்ட, ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு இது. ஓட்டம்தான் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஆனால் "நான் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் வராது" என்று சொல்ல இனி இடமில்லை.

ஒளி வளைந்து செல்லும் குழாய்

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்தக் கருவியைப் பற்றிச் சில வரிகள் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று படித்திருக்கிறோம். பெருங்குடலோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. வயிற்றின் வலப்புறத்தில் மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறத்தில் இறங்கி, நெளிந்து முடிகிறது. இதற்குள் எப்படிப் பார்ப்பது?

ஒரு தகர டப்பாவின் பக்கத்தில் துளையிட்டு, நீர் நிரப்பி, துளைக்கு நேர் எதிரே ஒளியைப் பாய்ச்சினால், வளைந்து விழும் நீர்த்தாரைக்குள்ளேயே ஒளியும் வளைந்து செல்வதைக் காணலாம். 1841-இல் ஜெனீவாவில் கொலடான் என்பவர் செய்து காட்டிய சோதனை இது. நீரின் விளிம்பில் சாய்வாக மோதும் ஒளி வெளியேறாமல் மீண்டும் மீண்டும் உள்ளேயே திரும்புகிறது. இதுவே முழு அக எதிரொளிப்பு. நீருக்குப் பதிலாகக் கண்ணாடி இழை. அதன்மேல் ஒளிவிலகல் எண் குறைந்த வேறொரு கண்ணாடிப் பூச்சு. உள்ளிழையின் எண் 1.62, பூச்சின் எண் 1.52 என்று கொண்டால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 70 பாகை. அதனினும் பெரிய கோணத்தில் மோதும் ஒளி முழுவதும் உள்ளே தங்கிவிடும். இத்தகைய மெல்லிய இழைகளை ஆயிரக்கணக்கில் கட்டாக்கி உருவத்தை அனுப்பலாம் என்று 1954-இல் லண்டனில் ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் காட்டினார்கள். 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் தாம் உருவாக்கிய இழைக் கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளிடம் பயன்படுத்தினார்! இன்றைய கருவிகளில் நுனியிலேயே மிகச் சிறிய காமிரா அமைந்திருக்கிறது. பாலிப்பை அறுக்கும் கம்பிச் சுருக்கும் அதே குழாய் வழியே உள்ளே செல்லும்.

குடலைக் கழுவுதல்

சோதனை அரை மணி நேர வேலை. மயக்க மருந்தில் அது தெரியாமலே போய்விடும். ஓட்டக்காரருக்குச் சோதனையான சோதனை முந்தின நாள்தான்.

நாள்தோறும் சிறுகுடலுக்குள் ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் வருகிறது. நாம் அருந்துவது 2 லிட்டரே. மீதி உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம் முதலியன. இதில் ஒன்றரை லிட்டர் அளவு பெருங்குடலுக்கு வந்து, அதுவும் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கழுவும் மருந்து இந்த உறிஞ்சுதலைத் தடுக்க வேண்டும். பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் பெரிய மூலக்கூறு குடற்சுவரைக் கடக்காது. நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனுடன் சோடியம், பொட்டாசியம் உப்புகளையும் அளவாகச் சேர்த்து, கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தத்தை இரத்தத்தின் அழுத்தத்திற்குச் சமமாக அமைத்துவிட்டால், நீர் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. குடித்த கரைசல் அப்படியே குடலை அலசிக்கொண்டு வெளியேறும். 1980 அளவில் உருவான முறை இது. குறை என்னவென்றால் 4 லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும்.

அடர்த்தி மிகுந்த உப்புக் கரைசல்கள் இன்னொரு வகை. இவற்றின் அளவு குறைவு, குடிப்பது எளிது. ஆனால் ஊறுகாயில் உப்பு மாங்காயின் நீரை இழுப்பதுபோல் இவை உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கின்றன. பாஸ்பேட் வகை சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 2008-இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. முதல்நாள் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கி வியர்த்துவிட்டு, மறுநாள் இத்தகைய கரைசலைக் குடிப்பது இரட்டை இழப்பாகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், இழந்த நீர் எவ்வளவு என்பதே கோவைக்காரருக்குத் தெரியாது. பயிற்சியின் அளவை மருத்துவரிடம் சொல்லி, எந்த வகை மருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீரிழப்பை ஈடு செய்ய வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்விடும். மாரத்தான் ஓட்டக்காரர்கள் சிலர் மயங்கி விழுவதும் இதனால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லிட்டர் நீருக்கு 20.5 கிராம் கொண்ட உப்பு-சர்க்கரைப் பொட்டலம் நல்லது. குளுக்கோஸ் மூலக்கூறு குடற்சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் கைபிடித்து அழைத்துச் செல்லும். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். இளநீரும் குடிக்கலாம், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் இட்டு இடையிடையே அருந்துங்கள். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் மட்டும் வேண்டா. அவை உள்ளே இரத்தம்போல் தோன்றி மருத்துவரைக் குழப்பும்.

கால்களில் எவ்வளவு மிச்சம்?

60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோ கலோரி தேவை. அரை மாரத்தானுக்கு 1,260 ஆயிற்று. நன்கு உண்டு ஓய்வெடுத்த ஓட்டக்காரரின் தசைகளில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவு கிளைகோஜன் இருக்கும். கிராமுக்கு 4 வீதம் 2,000 கிலோ கலோரி. சோதனைக்கு முந்தின நாளில் ஓய்வாக இருந்தாலே 1,500 செலவாகும். கோப்பைக்கு 15 கிராம் சர்க்கரை வீதம் பத்துக் கோப்பை குடித்தால் கிடைப்பது 600. குறைகின்ற 900-ஐக் கல்லீரலும் கொழுப்பும் சேர்ந்து கொடுக்கின்றன. தசையிலுள்ள கிளைகோஜனோ அந்தத் தசைக்கே சொந்தம். அதை இரத்தத்திற்குத் திருப்பிக் கொடுக்கும் நொதி தசையில் இல்லை. ஆகவே அன்று ஓடாமல் இருந்தால் கால்களின் சேமிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஓடினாலோ, நிரப்ப வழியில்லாத நாளில் சேமிப்பைக் காலி செய்தவர் ஆவீர்கள். அன்று மெதுவான நடை போதும். மருந்தைத் தொடங்கிய பிறகு வீட்டைவிட்டு வெளியே போக நீங்களே விரும்பமாட்டீர்கள்!

இரண்டு மூன்று நாள் ஓய்வால் உடல்திறன் கரைந்துவிடாது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் அளவிடத்தக்க சரிவு காணப் பத்து நாட்களாவது ஆகும். மூன்று வாரம் தூரத்தைக் கூட்டி, நான்காம் வாரம் குறைக்கும் வழக்கம் ஓட்டக்காரர்களுக்கு உண்டல்லவா? அந்த நான்காம் வாரத்திலேயே சோதனையை வைத்துக்கொள்ளலாம்.

இனி உணவு. சோதனைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நம் கொங்கு நாட்டுச் சமையலின் பெருமைகளான ராகிக் களி, கம்பஞ்சோறு, கொள்ளு, கீரை ஆகிய எல்லாமே இந்த நாட்களில் விலக்கு. கொய்யா, தக்காளி விதைகளும் கூடா. அரிசிச் சோறு, இட்லி, மோர், தேங்காய்த் துருவல் போடாத சந்தகை ஆகியன போதும். இவை மாவுச்சத்து மிகுந்தவை, ஓட்டக்காரருக்குக் கிளைகோஜன் சேர்ப்பவையுங்கூட. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். குடற்சுவரில் கரும்படலமாக ஒட்டிக்கொள்ளும். வலி மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, நீரிழிவு மருந்து ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

மருந்தைப் பாதி முந்தின இரவும், பாதி சோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடிப்பதே சிறந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டுமே என்று ஒரே மூச்சாக இரவிலேயே முடித்துவிட எண்ண வேண்டாம். குடல் சுத்தமாகாவிட்டால் சோதனையை மறுபடி செய்ய நேரும்; இன்னொரு வாரப் பயிற்சி போகும்.

சோதனைக்குப் பிறகு

மயக்க மருந்தின் விளைவு தெளிந்தது போலத் தோன்றினாலும் ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். உங்கள் கை பிரேக்கைத் தொட அரை நொடி தாமதித்தாலே ஐந்தரை மீட்டர்! கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

குடலை விரிக்க உட்செலுத்திய வாயுவால் வயிறு சற்று உப்பியிருக்கும். கார்பன் டை ஆக்சைடு செலுத்தியிருந்தால் விரைவில் சரியாகும். அது காற்றிலுள்ள நைட்ரஜனைவிடப் பல மடங்கு எளிதாக இரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடுகிறது. மறுநாள் காலை எடை பார்த்தால் குறைந்திருக்கும். அது முழுவதும் நீரிழப்பன்று; வெளியேறிய குடற் பொருளும் சேர்ந்தது. சிறுநீர் வெளிர் நிறத்திற்குத் திரும்புவதும், காலையில் படுக்கையில் எண்ணும் நாடித் துடிப்பு வழக்கமான அளவுக்கு வருவதும் நல்ல அடையாளங்கள். எதையும் அகற்றாமல் சோதனை முடிந்திருந்தால், மறுநாள் மெல்லோட்டம், ஓரிரு நாளில் வழக்கமான பயிற்சி.

பாலிப் அகற்றியிருந்தால் கதை வேறு. அறுத்த இடம் ஆறும்வரை, அதாவது இரண்டு வாரங்கள் வரையிலும் இரத்தம் கசியும் வாய்ப்பு உண்டு. பெரும் எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம். வயிற்றுக்குள் அழுத்தம் 200 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டுவதுண்டு. எனவே எடை தூக்குவதும் விரைவோட்டமும் எத்தனை நாள் கூடாது என்பதை, அகற்றிய முளையின் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். கடும் வயிற்று வலி, காய்ச்சல், மிகுந்த இரத்தப் போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே பந்தயத்திற்கு ஆறு வாரமேனும் முன்பாகச் சோதனை நாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் ஓய்வு தேவைப்பட்டாலும் மீதி நான்கு வாரம் கையில் இருக்கும். இரத்தம் கண்டதற்காகச் சோதனைக்கு எழுதப்பட்டவர்களுக்கு இந்த நாட்கணக்கு பொருந்தாது. அவர்கள் கிடைக்கும் முதல் நாளிலேயே போக வேண்டும், பந்தயம் எந்த வாரத்தில் இருந்தாலும்.