மரக் கிட்டாரும் இரண்டு பிக்கப்புகளும்

நகரங்களில் நம்முடைய சபைகள் பல, வாடகை மண்டபத்திலோ பள்ளிக்கூட அறையிலோ தகரக் கூரையிட்ட மொட்டை மாடியிலோ கூடுகின்றன. கீபோர்டும் டிரம்சும் இல்லாத இத்தகைய இடங்களில் ஆராதனைக்குத் துணைநிற்கும் ஒரே வாத்தியம் மரக் கிட்டார்தான். வீட்டில் வாசிக்கும்போது இனிமையாக ஒலிக்கிற அதே கிட்டார், ஒலிபெருக்கியில் இணைத்தவுடனே கொட்டாங்குச்சியைத் தட்டுவதுபோல வறண்டு ஒலிக்கிறது என்று இசை ஊழியத்திலுள்ள வாலிபர் பலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. சிலர் காணிக்கைப் பணத்தில் புதிய ஆம்ப்ளிஃபயரையே வாங்கிவிடுகின்றனர். அதன் பின்னும் ஒலி மாறுவதில்லை. ஏனெனில் குறை பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரில் அல்ல, கிட்டாருக்குள் இருக்கும் பிக்கப்பில்தான் உள்ளது.

பிக்கப் என்பது அதிர்வை மின்சைகையாக மாற்றித் தரும் சிறு கருவி. கிட்டாரின் ஒலியோ ஓரிடத்தில் மட்டும் பிறப்பதல்ல. கம்பி அதிர்கிறது, அந்த அதிர்வு பிரிட்ஜின் வழியாக முன்பலகைக்குச் செல்கிறது, பலகை காற்றை அசைக்கிறது, வயிற்றுக்குள் அடைபட்ட காற்று ஒலித்துளை வழியாக வெளியே வருகிறது. எதிரே அமர்ந்திருப்பவரின் செவி இவையனைத்தையும் சேர்த்தே கேட்கிறது. பிக்கப்போ தான் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நடப்பதை மட்டுமே அறியும். ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு முழு வழக்கையும் தீர்க்க முயல்வது போன்றது இது. ஆகவேதான் தேர்ந்த கலைஞர்கள் இரண்டு வகைப் பிக்கப்புகளை ஒரே கிட்டாரில் பொருத்தி, அவ்விரண்டையும் கலந்து வாசிக்கின்றனர்.

இவ்வகைகளில் மூத்தது காந்தப் பிக்கப். 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே இதற்கு அடிப்படை. காந்தத்தின் அருகே எஃகுக் கம்பி அசையும்போது, காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒலித்துளையில் பொருத்தும் இத்தகைய பிக்கப்புகளை அமெரிக்காவின் ஹாரி டிஆர்மண்ட் 1930களிலேயே உருவாக்கினார். 1954இல் கிப்சன் நிறுவனம் ஜே-160ஈ என்ற மரக் கிட்டாரில் காந்தப் பிக்கப்பைத் தானே பொருத்தி விற்றது. இதன் பலம் கனமான கீழ்ஸ்தாயி ஒலியும், எளிதில் ஊளையிடாத தன்மையுமாகும். பலவீனம், அது மரத்தைப் பெரும்பாலும் கேட்பதில்லை. வெண்கலம் சுற்றிய கம்பியில் வெண்கலத்தையும் அது அறியாது, உள்ளே ஓடும் எஃகை மட்டுமே அறியும். அதனால் முழுவதும் எஃகாலான முதலிரண்டு கம்பிகள், குறிப்பாக இரண்டாம் கம்பி, மற்றவற்றை மிஞ்சி ஒலிக்கும். நல்ல பிக்கப்புகளில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித் திருகாணி இருக்கும். இரண்டாம் கம்பிக்குரியதைச் சற்று இறக்கிவிட்டால் போதும். நைலான் கம்பி இட்ட கிட்டாருக்கு இது பயன்படாது.

இரண்டாவது, நம்மிடையே அதிகம் காணப்படும் பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தனர். கம்பிகள் பிரிட்ஜின்மேல் சாய்ந்திருக்கும் வெள்ளைப் பட்டையைச் சேடில் என்பர். அதன் அடியில் மெல்லிய பீசோப் பட்டையை வைத்தால் கம்பியின் அழுத்தம் அப்படியே மின்சைகையாகிவிடும். ஓவேஷன் கிட்டார்கள் இம்முறையை மேடைகளில் பரப்பின. அந்நிறுவனத்தை 1966இல் தொடங்கிய சார்லஸ் கேமன், ஹெலிகாப்டர் தயாரித்தவர் என்பது சுவையான செய்தி. அதிர்வைப் பற்றி அவருக்குத் தெரியாததா! பீசோவின் ஒலி தெளிவானது, கூர்மையானது. ஆனால் பலகை அந்த அதிர்வை மென்மையாக்கும் முன்பே அதைப் பிடித்துவிடுவதால், ஓங்கி மீட்டும்போது வாத்து கத்துவது போன்ற ஒரு கடினத்தன்மை வந்துவிடுகிறது. நமது வாலிபர்கள் குறைபடும் வறட்சி இதுவே.

இதே பீசோவைச் சிறு வட்டுகளாக்கிப் பலகையின் உட்புறத்தில், பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டுவதும் உண்டு. மரத்தின் வெதுவெதுப்பும், பலகையை விரலால் தட்டும் ஓசையும் இதில் நன்கு கேட்கும். கடைசியாக, கிட்டாரின் வயிற்றுக்குள் வைக்கும் சிறிய மைக். காற்றைக் கேட்பது இது ஒன்றே. ஆகையால் இயற்கை ஒலிக்கு மிக நெருக்கமானது. முதலில் ஊளையிடுவதும் இதுவே.

இரண்டைக் கலப்பதில் வழிகாட்டியாக நான் கருதும் கலைஞர் அமெரிக்கரான மைக்கேல் ஹெட்ஜஸ். 1984இல் வெளியான ‘ஏரியல் பவுண்டரீஸ்’ இசைத்தொகுப்பால் உலகறியப்பட்ட இவர், 1997இல் கார் விபத்தில் காலமானார். தமது மார்ட்டின் கிட்டாரின் ஒலித்துளையில் சன்ரைஸ் என்ற காந்தப் பிக்கப்பையும், பலகையில் ஃப்ராப் என்ற ஒட்டுப் பிக்கப்பையும் சேர்த்துப் பயன்படுத்தினார். கம்பியின் கனத்தை ஒன்று தந்தது, மரத்தின் மூச்சை மற்றது தந்தது. பின்னாளில் நிறுவனங்களும் இவ்வழியே சென்றன. டெய்லர் நிறுவனம் 2003இல், ஒலிப்பொறியாளர் ரூபர்ட் நீவின் துணையுடன், காந்த உணரியையும் பலகை உணரிகளையும் இணைத்த அமைப்பை வெளியிட்டது. எல்.ஆர்.பேக்ஸ் நிறுவனத்தின் ஆந்தம் என்னும் அமைப்பில் சேடிலின் அடியிலுள்ள பீசோ கீழ்ஸ்தாயியை மட்டும் ஏற்றுக்கொள்ள, சுமார் 250 ஹெர்ட்சுக்கு மேற்பட்டதை உள்மைக் ஏற்றுக்கொள்கிறது.

இந்தப் பங்கீட்டில்தான் காரியத்தின் இரகசியம் இருக்கிறது. இரண்டு பிக்கப்புகளையும் முழு அளவில் திறந்துவிட்டால் ஒலி இரட்டிப்பாக நன்றாகிவிடும் என்று எண்ணலாகாது. ஒவ்வொன்றுக்கும் அது நன்றாகச் செய்யும் வேலையை மட்டும் கொடுத்து, மோசமாகச் செய்வதை ஈக்வலைசரில் குறைத்துவிட வேண்டும். காந்தப் பிக்கப்பும் உள்மைக்கும் இருந்தால், கீழ்ஸ்தாயியைக் காந்தத்திற்கு விட்டு, மைக்கின் கீழ்ப்பகுதியைத் தாராளமாக வெட்டிவிடலாம். கிட்டார் வயிற்றின் காற்று சுமார் 100 ஹெர்ட்சிலும், பலகை சுமார் 200 ஹெர்ட்சிலும் தாமாகவே அதிர விரும்புகின்றன. ஊளை பெரும்பாலும் பிறக்கும் அந்த இடத்தில் மைக்குக்கு வேலை கொடாதிருப்பதே ஞானம்.

கலக்கும்போது முதலாவது கவனிக்கவேண்டியது பொலாரிட்டி. ஒரு பிக்கப்பின் மின்சைகை மேலே செல்லும் அதே கணத்தில் மற்றதன் சைகை கீழே சென்றால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதைச் சோதிக்க, கனத்த ஆறாம் கம்பியை மீட்டியவாறு முதலில் ஒரு பிக்கப்பை மட்டும் கேளுங்கள். பிறகு மற்றதை மெல்ல உயர்த்துங்கள். ஒலி தடித்தால் நல்லது. மெலிந்து வயிறு ஒட்டியதுபோல் ஆனால், மிக்சரிலோ பிரீஆம்பிலோ இருக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்துங்கள். உள்மைக்கானால் இன்னுமொரு சிக்கல் உண்டு. சேடிலிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள மைக்கை ஒலி சென்றடைய ஏறக்குறைய 0.3 மில்லிவினாடி ஆகிறது. இந்தத் தாமதத்தால் 1,700 ஹெர்ட்சை ஒட்டிய பகுதி குழிந்துபோகலாம். மைக்கை ஒரு விரற்கடை நகர்த்தினாலே ஒலி மாறுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே பொத்தானின் எந்த நிலை நல்லது என்பதைக் கணக்கு அல்ல, செவியே தீர்மானிக்கட்டும்.

பலரும் தடுமாறும் இடம் கேபிள். இரண்டு பிக்கப்புகளையும் தனித்தனியே வெளியே கொண்டுவர ஸ்டீரியோ ஜாக் பொருத்துவது வழக்கம். அதில் சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ஒரு பிக்கப் மட்டுமே கேட்கும். ஸ்டீரியோ கேபிளைச் செருகி மறுமுனையை மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் இட்டாலோ, மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடும். பணம் செலவழித்துப் பொருத்திய இரண்டாம் பிக்கப் முதலாவதைக் கெடுத்துக்கொண்டிருக்கும்! ஒரு ஸ்டீரியோ முனையும் இரண்டு மோனோ முனைகளும் உள்ள கவைக் கேபிளே சரியானது. இரண்டும் மிக்சரில் இரண்டு தனிச் சேனல்களுக்குச் செல்ல வேண்டும்.

பீசோவை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகுவது மற்றொரு தவறு. பீசோவுக்கு 1 மெகாஓமுக்குக் குறையாத உள்ளீடு தேவை. 10 மெகாஓம் இருந்தால் இன்னும் நன்று. மிக்சரின் லைன் உள்ளீடோ பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்களே. கீழ்ஸ்தாயி முழுவதும் அங்கேயே வடிந்துபோகும். இடையில் ஒரு பிரீஆம்ப் வைத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். புதிய பிக்கப் வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் மரம் ஊதுவதால் சேடில் சரியாக அமராமல் ஒரு கம்பி மட்டும் மங்கி ஒலிப்பதும் உண்டு. இதற்கும் புதிய பிக்கப் மருந்தல்ல. சேடிலின் அடிப்பாகத்தைச் சமமாகத் தேய்த்து அமர்த்துவதே மருந்து.

இவற்றுக்குப் பின்னும் வறட்சி தீராதவர்களுக்கு, ஏற்கெனவே பீசோ உள்ள கிட்டாரில் ஒலித்துளைக் காந்தப் பிக்கப்பைச் சேர்ப்பதே என் ஆலோசனை. மரத்தில் துளையிடத் தேவையில்லை. வேண்டாமென்றால் கழற்றி அடுத்த கிட்டாரில் மாட்டிக்கொள்ளலாம். தகரக் கூரையும் டைல்ஸ் தரையுமுள்ள சிறிய மண்டபத்தில், ஸ்பீக்கர் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நிலையில், உள்மைக் மண்டபத்தையே அலறவைக்கும். பெரிய மண்டபத்தில் அதைப் பயன்படுத்த விரும்பினால், மைக்கின் ஒலியைச் சபையார் கேட்கும் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் அனுப்பி, மேடையிலுள்ள மானிட்டருக்குக் காந்தத்தின் ஒலியையோ பீசோவின் ஒலியையோ கொடுங்கள். மிக்சரில் அமரும் சகோதரருக்கு இதை ஆராதனை தொடங்கிய பின் கைச்சாடையில் விளக்க முடியாது. அரைமணி நேரம் முன்னதாகவே வந்து இருவரும் சேர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் கிட்டாரானால், ஆராதனை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும்.