கரிவரியும் குடியானவரும்

நிலக்கரி, டீசல் முதலியவற்றை எரிப்பதால் உண்டாகும் கரியமில வாயு ஆகாயத்தில் மிகுந்து பூமியின் வெப்பத்தை உயர்த்துகின்றது. அவ்வாயுவின் அளவுக்கேற்ப விதிக்கப்படும் தீர்வைக்குக் கரிவரி என்று பெயர். அது குடியானவரை எவ்வழியில் வந்து சேரும் என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இந்தியாவில் இப்பெயரால் வரி இல்லை. ஆயினும் 2010-ஆம் வருஷத்தில் நிலக்கரி டன் ஒன்றுக்கு 50 ரூபாய் மேல்வரி விதிக்கப்பட்டது. அது 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 ரூபாயாக உயர்ந்தது. 2017-இல் அதே 400 ரூபாய் ஜி.எஸ்.டி. இழப்பீட்டு மேல்வரியாக மாறிற்று. 2025 செப்டம்பரில் அதுவும் நீங்கி, நிலக்கரியின் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாயிற்று.

ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி செலவாகும். எனவே டன்னுக்கு 400 ரூபாய் என்பது யூனிட்டுக்கு 28 காசு ஆகும். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாதலால் இச்சுமை கிணற்றடியில் தெரிவதில்லை. அரிசி ஆலையிலும் குளிர்பதனக் கிடங்கிலும் கூலி உயர்வாக வந்து சேரும்.

டீசல் விஷயம் வேறு. ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வாயு வெளிப்படும். வாயு டன்னுக்கு 1,000 ரூபாய் வரி என்று கொண்டால் லிட்டருக்கு 2 ரூபாய் 70 காசு ஏறும். உழவு வாடகையும் லாரி வாடகையும் உயரும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசிகள் வாங்கும் காய்கறிகளில் பெரும்பகுதி கோயம்பேட்டு மண்டி வழியே வருவது. அங்கே விலை அன்றைய வரத்தைப் பொறுத்தது. குடியானவர் தம் செலவைக் கூட்டி விலை சொல்ல இயலாது. தக்காளி போன்ற அழுகும் சரக்கைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. ஆகையால் நகரவாசியின் தலையில் விழவேண்டிய வரியில் ஒரு பங்கு கிராமத்தின்மேல் விழும்.

இதனை உணர்ந்தே, கனடாவில் 2019-இல் எரிபொருள் வரி விதித்தபோது பண்ணை இயந்திரங்களின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலக்கு அளித்தனர். தானியம் உலர்த்தும் எரிவாயுவுக்கு அவ்விலக்கு இல்லாமையால் குடியானவர் முறையிட்டனர். 2025 ஏப்ரலில் நுகர்வோர்மீதான அவ்வரியே நிறுத்தப்பட்டது.

இத்தகைய வரி எங்கு வரினும், பண்ணை டீசலுக்கு விலக்கோ, வசூலில் ஒரு பங்கைச் சூரியசக்திப் பம்புகளுக்கு உதவியோ கேட்பது நியாயமே. அதுவரையில் குடியானவர் தாமே செய்யத்தக்கவையும் உண்டு. வேண்டாத உழவைக் குறைத்தல், அண்டை வயலாருடன் சேர்ந்து ஒரே லாரியில் சரக்கு ஏற்றுதல் ஆகிய இரண்டும் கைப்பணம் கேளாதவை. வரி வரினும் வாராவிடினும், மீதமாகும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் இலாபமேயாகும்.