நெல்லைக் காக்கும் சிலந்தி

நெற்பயிரின் அடித்தண்டிற் சாறு உறிஞ்சி, வயலை வட்டம் வட்டமாகக் கருகச் செய்யும் கபிலநிறத் தத்தியைக் கமக்காரர் நன்கறிவர். அதனை உண்டு பயிரைக் காப்பது சிலந்தி.

தத்தி வரும்வரை சிலந்தி பட்டினி கிடப்பதில்லை. வயலில் நீர் கட்டியதும் மண்ணிலுள்ள வைக்கோலும் எருவும் உக்கத் தொடங்கும். அவ்வுக்கலை உண்டு, கடியாத சிறு நுளம்பினப் பூச்சிகள் பெருகும். பீடைகள் வருமுன் சிலந்திகள் இவற்றைத் தின்றே இனம் பெருக்குகின்றன. ஜாவாத் தீவின் வயல்களில் நடந்து, 1996ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதனைக் காட்டிற்று. சேதனப் பொருள் கூடுதலாக இட்ட இடங்களில் இரைகௌவும் உயிர்களும் கூடுதலாக இருந்தன.

இளம்பயிருக்கு நாசினி தெளித்தாற் சிலந்தி மடியும். இலைமடலினுள் இருக்கும் தத்தி முட்டைகளோ தப்பும். அவை பொரித்தபின் தத்தி தடையின்றிப் பெருகும். இவ்வாறு பெருஞ்சேதம் கண்ட இந்தோனேசியா, 1986ஆம் ஆண்டில் 57 பூச்சிநாசினிகளை நெற்செய்கையில் தடைசெய்தது.

ஆகவே, நன்மை செய்யும் உயிர்களைக் கொல்லாது விடுதல் மட்டும் போதாது. அவற்றிற்கு உணவளிக்கும் இயற்கைத் தொழிற்பாட்டையும் காத்தல் வேண்டும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. சூடடித்த வைக்கோலை எரிக்காது வயலிலே பரப்புக.

2. விதைத்து 40 நாட்கள் வரை, புழு தின்ற சில இலைகளைக் கண்டதும் நாசினி தெளித்தலைத் தவிர்க்குக.

3. பயிரின் அடியைத் தட்டி, நீரில் விழும் தத்திகளையும் சிலந்திகளையும் எண்ணிப் பார்த்த பின்பே முடிவு செய்க.

தத்தி வருமுன் சிலந்திக்கு உணவளித்த வயலே காவலுள்ள வயலாகும்.